ஓங்கில் கேஸு

நெடுஞ்செழியன் அந்த ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவராமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குப்பத்தில் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. மீன் ஏலம் போகிற இடத்தில் சொன்னார்கள், தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டுக் காத்திருக்கும்போது சொன்னார்கள், அவன் மனைவி பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அவள் பதில் பேசுவதில்லை. மேடத்துக்குப் போன் போட்டது அவள்தான்.

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது அந்தக் குப்பம். மணலில் படகுகள் கிடக்கும். படகுகளுக்குப் பின்னால் வலைக் குவியல், அதற்குப் பின்னால் வீடுகள், அதற்கும் பின்னால் காலையில் நடக்க வருகிறவர்களின் கார்கள். மீன்காரர்களும் நடக்கிறவர்களும் ஒரே மணலில் இத்தனை வருஷமாக இருக்கிறார்கள். விலை கேட்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த சமயம். ஆறு சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாகக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தது. கலங்கல் தண்ணீரில் மீன் கிடைக்கும் என்று நெடுஞ்செழியனும் பாஞ்சாலியின் தம்பி தமிழ்மாறனும் இருட்டோடு தங்கள் ஃபைபர் போட்டைக் கடலில் இறக்கினார்கள். விடிந்து வெயில் ஏறும்வரை திரும்பவில்லை. பாஞ்சாலி கூடையோடு கரையில் நின்றாள். ஒருவழியாகப் போட்டு தெரிந்தபோது, அது ஊர்ந்து வந்தது. எஞ்சினை மெதுவாக வைத்துத் தமிழ்மாறன் ஓட்ட, நெடுஞ்செழியன் விளிம்புக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு எதையோ கட்டிப் பிடித்திருந்தான்.

"மேடத்துக்குப் போன் போடு!" என்று அவன் தண்ணீரிலிருந்தே கத்தினான். "ஓங்கிலு! உசுரோட கீது!"

டால்ஃபினைத்தான் அவர்கள் ஓங்கில் என்பார்கள். அதை யாரும் பிடிப்பதில்லை, தின்பதில்லை. வலையில் விழுந்தால் வலை நாசமாகும், அறுத்து விடுவார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்கு முன் கடல் உயிர்களுக்காக வேலை செய்கிற மதுவந்தி மேடம் மைலாப்பூரிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம் போட்டுப் படம் காட்டினாள். கூன்முதுகு ஓங்கில் என்று ஒரு சாதி, இந்தக் கரையோரத்தில் சின்னக் கூட்டமாக மிச்சம் இருக்கிறது, அதுவும் போய்விட்டால் போனதுதான் என்றாள். அது மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்றாள். அடிபட்டு மாட்டினால் மூச்சுத் துவாரம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தூக்கிப் பிடியுங்கள், ஈரத் துணியால் போர்த்துங்கள், எனக்குப் போன் பண்ணுங்கள், டாக்டரோடு வருகிறேன், உங்கள் மேல் கேஸ் வராது, அது என் பொறுப்பு என்றாள். கூட்டம் முடிந்து கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். நெடுஞ்செழியன் மட்டும் நின்று, மூச்சுத் துவாரம் எங்கே இருக்கும் என்று படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னான்.

அன்றைக்கு அவன் மேடம் சொன்னபடியே எல்லாம் செய்தான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதன் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான். வலை வாலை அறுத்திருந்தது. உடம்பு வழுக்கிக்கொண்டு போனதால் வால்பக்கம் கயிறு போட்டுத் தமிழ்மாறன் பிடித்துக்கொண்டான். பாஞ்சாலி தன் மேல்துண்டை நனைத்து அதன் முதுகில் போட்டாள். வலை அறுத்த கத்தி நெடுஞ்செழியனின் இடுப்பில் அப்படியே செருகியிருந்தது. நடக்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். போன்கள் மேலே எழுந்தன. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி அவன் ஒருத்தரைப் பார்த்துச் சிரித்தான்.

மதுவந்தி ஈரத் தலையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது அது செத்துவிட்டிருந்தது. அவள் செருப்போடு தண்ணீரில் இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் வந்த வனத்துறை ரேஞ்சர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி சொன்னார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. கயிறு, கத்தி, ரத்தம் கசியும் வால், சிரிக்கிற ஒருவன். டால்ஃபினைக் கட்டி இழுத்துக் கொன்ற கொடூரன் என்று மேலே எழுதியிருந்தது. கையெழுத்துப் போடப் போனவனை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. தமிழ்மாறன் மட்டும், கயிறு பிடித்த கை வீடியோவில் தெரிந்தும் முகம் தெரியாததால், தப்பினான்.

வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். புலிக்கு என்ன சட்டமோ அதுதான் ஓங்கிலுக்கும். நிரூபித்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாது என்று வக்கீல் சொன்னார்.

*

வீட்டில் பாஞ்சாலியும் மகள் மணிமொழியும் மிஞ்சினார்கள். மணிமொழி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். வீடியோ வந்த வாரம், கடையைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைச்சாமி அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"தப்பா நெனைக்காத தாயி. யாரோ கஸ்டமரு உன்னையப் பாத்துட்டு அந்தாளு மவளான்னு கேட்டுட்டுப் போயிருக்காவ. கொஞ்ச நாளு உள்ள குடோன்ல நில்லு. முன்னால வராண்டாம்."

அதிலிருந்து அவள் ஜன்னல் இல்லாத குடோனில் சேலைகளை அட்டையில் மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் மூக்கிலிருந்து பஞ்சாக வரும்.

"அப்பா எதுக்கும்மா சிரிச்சாரு?" என்று ஒருநாள் கேட்டாள்.

அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாஞ்சாலி கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"யாரோ குறுக்கால நின்னுக்கினு படம் புடிச்சாங்க. கொஞ்சம் நவுருங்கன்னு சொன்னாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு. கார்ல வர்றவங்களாண்ட வேற எப்பிடிடீ சொல்லுவாரு?"

ஜாமீன் ஒருமுறை கிடைக்காமல் போனது. பாஞ்சாலி அதற்கு மறுநாள் மீன் விற்றுவிட்டு அப்படியே பஸ் ஏறி மைலாப்பூர் போனாள். அடுக்குமாடி வீடு. கூடையை வாட்ச்மேனிடம் விட்டாள். லிஃப்டில் ஏறிய அம்மாள் ஒருத்தி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டதும் இறங்கிப் படியேறிப் போனாள்.

"உள்ள வாங்கோ பாஞ்சாலி" என்று மதுவந்தி கையைப் பிடித்தாள். "ஆத்துல அப்பா மட்டும்தான். உக்காருங்கோ. காப்பி கலக்கறேன்."

"காப்பில்லாம் வேணாம் மேடம். எங்க வூட்டுக்காரரு எப்ப வருவாரு, அத்தச் சொல்லு."

மதுவந்தி எதிரே உட்கார்ந்தாள். மேஜை முழுக்கக் காகிதங்கள், சுவரில் அலைக்கு மேல் எழும்பிய ஓங்கில் ஒன்றின் பெரிய படம். பாஞ்சாலி அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன். அவர்தான் காப்பாத்தப் பாத்தார், என்னைக் கூப்பிட்டது அவாதான், நான் சாட்சின்னு. நேர்லயும் போய்ச் சொன்னேன்."

"அப்பால இன்னா?"

"கோர்ட்டுல அரசு வக்கீல் ஒரு பேப்பரை எடுத்துப் படிச்சார். இந்தக் குற்றத்துக்கு ஜாமீன் குடுக்கப்படாது, சுலபமா விட்டதாலதான் இந்த இனமே அழியறதுன்னு." அவள் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "அது நான் எழுதினது பாஞ்சாலி. சட்டம் இன்னும் கடுமையா வேணும்னு நாலு வருஷம் முன்னாடி நான் போட்ட மனு. என் வரியையே எடுத்து என் முன்னாடியே படிச்சார்."

பாஞ்சாலிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்தாள்.

"நீ எய்தினதா?"

"பெரிய டிராலர்களுக்காக எழுதினேன். கரைக்கு அஞ்சு மைலுக்குள்ள வந்து வழிச்சிண்டு போறாளே, அவாளுக்காக. உங்காத்துக்காரரை நெனச்சு எழுதலை."

"அதுல பேரு எய்திக்கீதா? இன்னாருக்குன்னு?"

"இல்லை."

"அப்பால அது அல்லாருக்குந்தான் மேடம்." பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேஸு வராதுன்னு நீ சொன்ன. நம்பித்தான் போன் போட்டேன். எங்க ஊர்ல யாரு உன்ன நம்புனாங்க? பிஸ்கோத்து துன்னுட்டுப் போய்ட்டாங்க. எங்காளு ஒருத்தருதான் நம்புனாரு."

"தெரியும்."

"செத்தா சாவுட்டும்னு வுட்டுட்டு வந்துருக்கலாம். ரெண்டு மணி நேரம் கையில தூக்கிக்கினு வந்தாரு. தோளெல்லாம் தேஞ்சி பூட்ச்சி. ஜெயில்ல மனு போட்டுப் பாக்கப் போனப்ப, இன்னா கேக்கறாரு தெரியுமா? அதுக்குக் குட்டி இருந்திருக்குமா, எங்கனா தெரிஞ்சுதான்னு கேக்கறாரு."

உள் அறையிலிருந்து, "மது, யாரு வந்திருக்கா?" என்று ஒரு வயதான குரல் கேட்டது. மதுவந்தி அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகை பாஞ்சாலிக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தண்ணீரில் உட்கார்ந்து ஓங்கிலுக்கு அழுததும் இப்படித்தான்.

"அயாதே மேடம்" என்றாள். "அய்து இன்னா ஆவப்போவுது."

*

தை பிறந்த பிறகு ஜாமீன் வந்தது. வாராவாரம் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும். பறிமுதல் செய்த போட்டு வழக்கு முடியும்வரை திரும்பாது. ரேஞ்சர் ஆபீஸ் காம்பவுண்டில் அது கவிழ்ந்து கிடந்தது. வெயிலில் ஃபைபர் வெடித்து, எஞ்சின் இருந்த இடத்தில் பூனை குட்டி போட்டிருந்தது. கையெழுத்துப் போடப் போகிற ஒவ்வொரு வாரமும் நெடுஞ்செழியன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

அவன் வீட்டுக்கு வந்த அன்று பாஞ்சாலி சுறாப் புட்டு செய்தாள். அவனுக்குப் பிடித்தது. பூண்டு நிறையப் போட்டு, மஞ்சள் வாசனை போகக் கிளறி வைத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினான்.

"இன்னாய்யா, உப்பு ஜாஸ்தியா?"

"இல்ல. போதும்."

யாருடைய போட்டிலாவது ஆள் கூலிக்குப் போகலாம். கூப்பிடவும் செய்தார்கள். அவன் போகவில்லை. வலை பின்னவும் உட்காரவில்லை. வீட்டு வாசலில், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பான். நடக்க வருகிறவர்கள் யாராவது போனைக் காதில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவான்.

ஒரு மத்தியானம் தானாகவே பேசினான். பாஞ்சாலி காரப்பொடி மீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அது மூச்சு வுடறப்ப என் கன்னத்துல பட்ச்சி பாஞ்சாலி. சூடா. மணிமொய் கொயந்தையா இருக்கசொல்ல தோள்ல தூங்குவாளே, அது மாதிரி."

"சரி வுடு. அத்தயே நெனச்சிக்கினு கீற."

"கடைசியில கண்ணத் தொறந்து பாத்துச்சி. காப்பாத்திடுவான்னு நெனச்சிருக்கும்." அவன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "ஜெயில்ல ஒருத்தன் கேட்டான், இன்னா கேஸுன்னு. ஓங்கில் கேஸுன்னேன். அந்த ரூம்பே சிரிச்சுது. கொல கேஸுல வந்தவன்லாம் சிரிக்கிறான்."

ஊர்க் கூட்டத்தில் கிராமத்தார் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். இனிமேல் ஆமை ஆனாலும் ஓங்கில் ஆனாலும் யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது. கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

*

மாசி மாதம். பனி விலகிக் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்த ஒரு காலை நேரம். மணிமொழி வேலைக்குப் போய்விட்டாள். பாஞ்சாலி கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறபோது நெடுஞ்செழியனின் போன் அடித்தது. தமிழ்மாறன். அவன் இப்போது வேறொருவர் போட்டில் போய்க்கொண்டிருந்தான். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று நெடுஞ்செழியன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, ஓங்கிலு மாட்டிக்கீது."

நெடுஞ்செழியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, கேக்குதா? கூன் முதுகுதான். பொட்டை. குட்டி ஒண்ணு போட்டைச் சுத்திச் சுத்தி வந்துக்கினு கீது."

பாஞ்சாலி கூடையை இறக்கினாள். "அறுத்து வுட்றா."

"அறுத்துட்டேன்க்கா. வால்ல வெட்டு ஆயமா வியுந்துக்கீது. நீந்த மாட்டேங்குது. வுட்டாக்கண்டி கவுந்து போவுது. புடிச்சிக்கினு கீறேன். இன்னா பண்றது சொல்லு மாமா, கை வலிக்குது."

"எங்க கீறீங்க?" என்று நெடுஞ்செழியன் கேட்டான். ஜெயிலிலிருந்து வந்ததிலிருந்து அவன் இவ்வளவு தெளிவாகப் பேசிப் பாஞ்சாலி கேட்கவில்லை.

"கொட்டிவாக்கத்துக்கு நேரா. கரை நல்லாத் தெரியுது. நடக்கறவங்க தெரியறாங்க."

"உள்ள போ. ஆயத்துக்குப் போ. நங்கூரக் கல்லு கீதா?"

"கீது மாமா."

"கட்டி எறக்கிடு."

கடல் சத்தமும் எஞ்சின் சத்தமும் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டன.

"மாமா, உசுரோட கீது."

"தெரியும்டா. அத்த வுட்டா செத்து ஒதுங்கும். வால்ல வலை வெட்டு கீது. எந்தப் போட்டு, யாரு வலைன்னு தேடுவாங்க. கயிறு புடிச்ச கை யாருதுன்னு ஒன்னியத்தான் ஏற்கெனவே தேடிக்கினு கீறாங்க."

பாஞ்சாலி போனைப் பிடுங்கினாள். "டேய், வேணாம்டா. புடிச்சிக்கினே இரு. நானு மேடத்துக்குப் போடறேன். டாக்டர இட்டுக்கினு போட்ல வரச் சொல்றேன். கரைக்கே வர வேணாம்."

நெடுஞ்செழியன் அவளைத் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"போடு" என்றான். "மேடம் நல்லவங்கதான். வந்து அய்வாங்க. ரேஞ்சரு வந்து உன் தம்பிய இட்டுக்கினு போவாரு. அவன் பொண்டாட்டி உன்னாண்ட வந்து நிப்பா. நீ மைலாப்பூருக்கு பஸ் ஏறு."

அவள் தமிழ்மாறனின் மனைவியை நினைத்தாள். மாசமாக இருக்கிறாள், பங்குனியில் பிரசவம் என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுக்கூட வந்து கிழங்கான் மீன் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

"அக்கா?" என்றது போன். "அக்கா, சீக்கிரம் சொல்லு."

போனில் இன்னொரு சத்தமும் கேட்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. கொஞ்ச இடைவெளி விட்டு இன்னொன்று. அலையின் சத்தம் அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அன்றைக்குத் தண்ணீரில் நின்று கேட்டிருக்கிறாள்.

"மாமா சொன்ன மாதிரி செய்யிடா" என்றாள்.

லைனைத் துண்டிக்க அவளுக்குக் கை வரவில்லை. தமிழ்மாறனும் துண்டிக்கவில்லை. போனைப் பலகையில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. கயிறு இழுபடுகிற சத்தம், "புடி, புடி, திருப்பு" என்று யாரோ சொல்வது, தமிழ்மாறன் தேம்புவது, எல்லாம் கேட்டன. அப்புறம் கனமாக ஒன்று தண்ணீரில் விழுந்தது. அந்த மூச்சு மறுபடி கேட்கவில்லை.

நெடுஞ்செழியன் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தான். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தான். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வியாபாரத்துக்குப் போனாள்.

அந்தக் குட்டியைப் போட்டுக்காரர்கள் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தார்கள். கொட்டிவாக்கத்துக்கு நேரே, எந்தப் போட்டு வந்தாலும் பக்கத்தில் வந்து உரசிக்கொண்டே வருகிறது என்றார்கள். தமிழ்மாறன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான். பிறகு அதைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

*

பங்குனி வெயிலில் மதுவந்தி குப்பத்துக்கு வந்தாள். கேஸ் ஆன பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் குரல் கேட்டதும் நெடுஞ்செழியன் பின்பக்கமாகப் போய்விட்டான். பாஞ்சாலி ரோட்டோரத்தில் குடை நட்டுப் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மதுவந்தி பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"கேஸ் அடுத்த மாசம் வரது. நான் சாட்சி சொல்றேன். விட்டுடுவான்னு நம்பிக்கை இருக்கு."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு வந்தேன்." அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "வருஷா வருஷம் கரையில செத்து ஒதுங்கற ஓங்கிலைக் கணக்கெடுக்கறோமே, இந்தத் தடவை உங்க கரையில ஒண்ணுகூட இல்லை பாஞ்சாலி. ஐப்பசிக்கப்பறம் ஒண்ணுகூட இல்லை. இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே கிடையாது. உங்களுக்கு நடந்தது அநியாயம். அது மாறாது. ஆனா அதுக்கு ஏதோ ஒரு பலன் இருந்ததுன்னு... டெல்லில மீட்டிங் இருக்கு. சட்டத்துக்குப் பலன் இருக்குன்னு சொல்லப்போறேன்."

பாஞ்சாலி ஒரு சங்கராவைக் கையில் எடுத்துச் செதில் உரித்தாள். செதில் தெறித்து மதுவந்தியின் கண்ணாடியில் ஒட்டியது. மதுவந்தி அதைத் துடைக்கவில்லை. பாஞ்சாலியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் முகத்தைவிட்டு மெல்லப் போனது.

"ஒண்ணுகூட ஒதுங்கலைதானே பாஞ்சாலி?"

"இல்ல மேடம்" என்றாள் பாஞ்சாலி. "ஒண்ணும் ஒதுங்கல."

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து மதுவந்தியின் கண்ணைப் பார்த்தாள். மேடம் இன்னும் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். தம்பி பெயரைக்கூட.

மதுவந்தியின் உதடு அசைந்தது. அப்புறம் அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வரேன் பாஞ்சாலி" என்றாள்.

ரோட்டில் அவளுடைய ஆட்டோ திரும்புகிற வரைக்கும் பாஞ்சாலி கத்தியைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷூ போட்ட ஒருவர் வந்து குனிந்து, சங்கரா என்ன விலை என்று கேட்டார். அவள் விலையைச் சொன்னாள்.